அழுத்தத்துக்குச் சுழியம் எங்கே?

2022 மே 23. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. மழை, தாழ்ந்த மேகம். ஓடுபாதை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. உயரமானியில் அமைக்க வேண்டிய காற்றழுத்தம் 1011 என்றார் கட்டுப்பாட்டு அதிகாரி. விமானிகள் அதையே திருப்பிச் சொல்லி, அதையே அமைத்துக்கொண்டார்கள். அப்போது அங்கே உண்மையில் இருந்தது 1001 ஹெக்டோபாஸ்கல். இந்தப் பத்தின் விலை ஏறத்தாழ 280 அடி. கருவி காட்டிய உயரத்தைவிட அவ்வளவு கீழே விமானம் வந்துகொண்டிருந்தது. ஓடுபாதை தெரியாததால் விமானிகள் மறுபடி மேலே ஏற முடிவெடுத்தார்கள். அவர்கள் ஏறத் தொடங்கிய இடத்தில், ஓடுபாதைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, விமானத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்தது 6 அடி. ஓர் ஆள் உயரம். பிறகு சுற்றிவந்து பத்திரமாக இறங்கிவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை.

இதில் உயரமானி பழுதாகவில்லை. யாரும் அங்குலத்தை மில்லிபாராக எண்ணிக் குழம்பவும் இல்லை. விமான உயரமானி என்பது காற்றழுத்தமானிதான்; மேலே போகப்போக அழுத்தம் குறைவதை வைத்து அது உயரத்தைச் சொல்கிறது. எந்த அழுத்தத்தை அடிமட்டமாக வைத்து எண்ணுவது என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். சொன்ன அடிமட்டம் தவறியது, அதன்மேல் எழுந்த கணக்கெல்லாம் தவறியது.

காற்றழுத்தம் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் அலகு மாற்றும் அட்டவணையோடு முடிந்துவிடுகின்றன. ஒரு வளிமண்டல அழுத்தம் இத்தனை பாஸ்கல், இத்தனை மில்லிமீட்டர், இத்தனை பவுண்டு. அதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும். என்னைக் கேட்டால், அலகு இந்த விஷயத்தில் எளிய பகுதி. ஒரு பெருக்கலில் முடிந்துவிடும். எந்தச் சுழியத்திலிருந்து அளந்தோம் என்பதுதான் கடினமான பகுதி. அது எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்படுவதே இல்லை.

அழுத்தம் என்றால் ஒரு பரப்பின்மேல் விழும் விசை. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விழுந்தால் அது ஒரு பாஸ்கல். மிகச் சிறிய அளவு இது: மேசைமேல் விரித்துவைத்த ஒரு ஏ4 தாள் மேசைக்குத் தரும் அழுத்தம் ஏறத்தாழ முக்கால் பாஸ்கல். கடல்மட்டத்தில் காற்று தருவதோ ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகம். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டும். விரித்த உள்ளங்கைக்கு நூறு கிலோ அளவு வரும்.

அவ்வளவு எடை நம்மேல் இருந்தும் ஏன் நசுங்கவில்லை என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டுக்குள் கான்கிரீட் கூரைக்குக் கீழே நிற்பவருக்கு ஏன் அழுத்தம் குறையவில்லை? தலைக்கு மேலுள்ள காற்றின் எடையைத்தான் கூரை தாங்கிக்கொள்கிறதே! காற்று மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் ஓடி மோதிக்கொண்டே இருப்பவை. அந்த மோதல்தான் அழுத்தம். வெளியே உள்ள காற்று, மேலே இருக்கும் காற்றின் எடையால் நெருக்கப்பட்டிருக்கிறது. அதே நெருக்கம் சன்னல் வழியாக, கதவிடுக்கு வழியாக அறைக்குள்ளும் வந்து சமமாகிவிடுகிறது. எடை நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது, நெருக்கம் மோதலைத் தீர்மானிக்கிறது. கீழிருந்து, பக்கத்திலிருந்து, உடம்புக்குள்ளிருந்து எல்லாம் அதே அளவு தள்ளல் இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஊட்டி மலைப்பாதையில் காது அடைத்துக்கொள்ளும்போதுதான் தெரிகிறது, அதுவும் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் வேறுபடுவதால்.

காதுக்கு மட்டுமல்ல, எல்லாக் கருவிகளுக்கும் இதே நிலைதான். அழுத்தத்தை நேராக உணரும் கருவி உலகில் இல்லை. இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் எதுவும் உணரும். ஒரு பக்கம் நாம் அளக்க வந்தது. மறுபக்கத்தில் எதை வைப்பது என்பதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கிணற்றடியில் தொடங்கிய கேள்வி

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்துத் திறந்த கிணறுகளை எட்டிப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: மோட்டார் மேலே கரையில் இருக்காது. கிணற்றின் உள்ளே, பாதி ஆழத்தில், பாறையைக் குடைந்த திட்டிலோ இரும்புக் கர்டரின் மேலோ உட்கார்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். “இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காதுங்க” என்பது மெக்கானிக் சொல்லும் கணக்கு. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கினாலும் அந்தக் கணக்கு மாறாது.

ஏனென்றால் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. குழாய்க்குள் முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் காற்றால் தள்ள முடிவது 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாயின் உராய்வு, ஃபுட் வால்வில் ஆகும் இழப்பு, வெற்றிடத்தில் தண்ணீரே ஆவியாகிவிடும் தொல்லை எல்லாம் போக மிஞ்சுவது அந்த இருபத்தைந்து. நீலகிரி உயரத்தில் காற்றின் தள்ளலே கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அங்கே ஏட்டுக் கணக்கே 26 அடியில் நின்றுவிடும். நீர்மூழ்கி மோட்டார் இந்த வரம்புக்குக் கட்டுப்படாததற்குக் காரணம், அது அடியிலிருந்து தள்ளுகிறது.

இதே வரம்பில் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியர்களும் முட்டிக்கொண்டார்கள். ஜெனோவாவைச் சேர்ந்த பலியானி 1630இல் கலிலியோவுக்கு எழுதினார்: ஏறத்தாழ 21 மீட்டர் உயரக் குன்றைத் தாண்டித் தண்ணீர் கொண்டுவரப் போட்ட வளைகுழாய் வேலை செய்யவில்லை. நீண்ட கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல் நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்பது கலிலியோவின் விளக்கம். 1638இல் வெளியான நூலிலும் அதையே சொன்னார். காற்றின் எடைதான் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் பலியானிக்குத் தோன்றியிருந்தது. பெரியவர் சொன்னது பிழை, கேட்டவர் ஊகித்தது சரி. அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்.

கலிலியோவுக்குப் பின் டஸ்கனி கோமகனின் கணித அறிஞர் பொறுப்புக்கு வந்த எவாஞ்சலிஸ்டா டோரிசெல்லி, தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை யோசித்தார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. பத்து மீட்டர் குழாய் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சோதனையைச் செய்து காட்டியவர் அவரது தோழர் விவியானி, காலம் 1643–44. ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், தம்பம் இறங்கி ஏறத்தாழ 76 சென்டிமீட்டரில் நின்றுவிடும். மேலே குழாயில் காலி இடம்.

நம் பாடநூல்கள் 76ஐப் பெரிதாக அச்சிடுகின்றன. எனக்கு அந்தக் காலி இடம்தான் பெரிதாகப் படுகிறது. தம்பத்தின் ஒரு பக்கம் ஊர்க் காற்று. மறுபக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அழுத்தத்துக்கு ஓர் உண்மையான சுழியத்தை மனிதர்கள் முதன்முறையாகக் கண்ணாடிக்குள் அடைத்துவைத்து, அதிலிருந்து எண்ணினார்கள். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஐரோப்பாவில் இது கிளப்பிய சர்ச்சை சாதாரணமானது இல்லை.

சர்ச்சையைத் தீர்க்க பிளேஸ் பாஸ்கல் ஒரு வழி சொன்னார்: தம்பத்தைத் தாங்குவது காற்றின் எடை என்றால், மலைமேல் தம்பம் குறைய வேண்டும். அவர் உடல்நலம் குன்றியவர். மலை ஏறியவர் அவரது அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியே. 1648 செப்டம்பர் 19 அன்று, கிளெர்மோன் நகரத்து மடம் ஒன்றின் தோட்டத்தில் பெரியே இரண்டு குழாய்களை அமைத்தார். இரண்டிலும் ஒரே அளவு: அன்றைய பிரெஞ்சு அளவில் 26 அங்குலம் மூன்றரைக் கோடு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். ஒன்றை எடுத்துக்கொண்டு 1,465 மீட்டர் உயரமுள்ள புய் த தோம் மலையின் உச்சிக்குப் போனார். அங்கே 23 அங்குலம் 2 கோடு. எட்டரை சென்டிமீட்டர் இறக்கம். உச்சியில் பல இடங்களில், அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள்ளும் வெட்டவெளியிலும், திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒருவர் உண்டு. மடத்துத் துறவி ஷஸ்தேன். அன்று முழுதும் தோட்டத்தில் இருந்த இரண்டாவது குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியே இறங்கி வந்ததும், காலையிலிருந்து அது அசையவே இல்லை என்று சொன்னார். அவர் இல்லாவிட்டால், மலையால் குறைந்ததா, அன்றைய வானிலை மாறியதால் குறைந்ததா என்று யாரும் கேட்டிருக்கலாம், பதில் இருந்திருக்காது. பாரிஸ் விமானத்துக்கு அன்று வேண்டியிருந்ததும் ஒரு ஷஸ்தேன்தான்: கீழே இப்போது அழுத்தம் எவ்வளவு என்று சரியாகச் சொல்லும் ஒருவர்.

அலகுகளின் ஊர்வலம்

அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அழுத்தத்தை நீளத்தால் சொல்வதே வழக்கமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்கள் அங்குலம், ஆங்கிலேயர்களுக்கு அவர்கள் அங்குலம், பின்னர் மில்லிமீட்டர். 760 மில்லிமீட்டர் என்பது அழுத்தமே இல்லை, ஒரு தம்பத்தின் உயரம். அமெரிக்க வானிலை அறிவிப்பில் இன்றும் 29.92 அங்குலம் என்றுதான் வரும்.

இயற்பியலோடு கணக்குப் பொருந்த வேண்டும் என்று நினைத்த நார்வேயின் பியர்க்னஸ், பிரிட்டனின் நேப்பியர் ஷா போன்ற வானிலையாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார், மில்லிபார் அலகுகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் 1914இல் மில்லிபாருக்கு மாறியது. அதே காலத்தில் வேதியியலார் சிலர் பார் என்று வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பார்களுக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். நல்லவேளையாக ஒன்று வழக்கொழிந்தது. 1954இல் நடந்த பத்தாவது சர்வதேச எடை அளவு மாநாடு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதை 1,01,325 பாஸ்கலுக்குச் சமமாக வரையறுத்தது. அந்த அலகுக்குப் பாஸ்கல் என்ற பெயரை 1971இல்தான் பதினான்காவது மாநாடு சூட்டியது. அதுவரை நியூட்டன்/சதுர மீட்டர். பாஸ்கல் மிகச் சிறியது என்பதால் வானிலையாளர்கள் நூறு பாஸ்கலை ஒன்றாகக் கட்டி ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். அது பழைய மில்லிபாரேதான். எண் மாறாமல் பெயர் மட்டும் மாறியது. பழைய வரைபடங்களைத் தூக்கிப்போட வேண்டாமல் போனது பெரிய நன்மை.

ஆக, கடல்மட்டத்துச் சராசரியாக ஒப்புக்கொண்ட அந்த ஒன்றை 1013.25 ஹெக்டோபாஸ்கல், 101.3 கிலோபாஸ்கல், 760 மில்லிமீட்டர் பாதரசம், சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, சதுர சென்டிமீட்டருக்கு 1.033 கிலோ என்று எப்படியும் சொல்லலாம். வேதியியல் மாணவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1982இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் தன் திட்ட அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பாருக்கு மாற்றிவிட்டது. 0 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் பருமன் முந்தைய கணக்கில் 22.4 லிட்டர், புதிய கணக்கில் 22.7. இரண்டு புத்தகங்களில் இரண்டு எண்ணைப் பார்த்துத் திணறும் மாணவரிடம் எந்தத் தவறும் இல்லை.

பஞ்சர் கடை, மருத்துவமனை, சமையலறை

டயருக்குக் காற்று பிடிக்கும் இடத்தில் “முப்பத்திரண்டு பாயிண்ட் வைங்கண்ணே” என்கிறோம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. டயருக்குள் இருக்கும் உண்மையான அழுத்தம் 32 இல்லை, ஏறத்தாழ 47. வெளிக்காற்றின் 14.7ஐ மீட்டர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வெளிக்காற்றையே சுழியமாக வைத்திருக்கிறது. ஆணி குத்திச் சப்பையாகிப் போன டயரில் மீட்டர் 0 காட்டும். உள்ளே காற்று இருக்கத்தான் செய்கிறது, ஊர்க் காற்றின் அதே அழுத்தத்தில். இதைக் கேஜ் அழுத்தம் என்றும், வெற்றிடத்திலிருந்து எண்ணுவதைத் தனி அழுத்தம் என்றும் பிரிக்கிறார்கள். டயர் விஷயத்தில் கேஜ்தான் பொருத்தம். ரப்பரை விரிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்தானே. ஆனால் வெயிலில் டயர் சூடாகி அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று வாயு விதியை வைத்துக் கணக்கிடுபவர் 47ஐத்தான் எடுக்க வேண்டும். 32ஐ எடுத்தால் விடை தப்பு. தேர்வுத்தாள்களில் அடிக்கடி விழும் பிழை இது. சொட்டுநீர்ப் பாசனம் போடுபவர்கள் “இரண்டு கிலோ பிரஷர்” என்று சொல்வதும் கேஜ் கணக்குதான்.

இரத்த அழுத்தமும் அப்படியே. 120/80 என்றால் வெளிக்காற்றைவிட 120 மில்லிமீட்டர் பாதரசம் அதிகம் என்று பொருள். வெற்றிடத்திலிருந்து எண்ணினால் 880. இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் கையில் பட்டை கட்டிப் பாதரசத் தம்பத்தால் அளக்கும் முறையைத் தந்தார். ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905இல் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்கும் முறையைச் சேர்த்தார். பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக மினமாட்டா உடன்படிக்கை அந்தக் கருவிகளின் உற்பத்தியைக் கைவிடச் சொல்கிறது. கருவியிலிருந்து பாதரசம் போனாலும் மருத்துவர் சீட்டிலிருந்து அதன் மில்லிமீட்டர் போகாது. 16/10.7 கிலோபாஸ்கல் என்று எழுதிக்கொடுத்தால் எந்த நோயாளிக்குப் புரியும்? இங்கே பழைய அலகைக் காப்பாற்றுவதே நியாயம் என்பது என் கட்சி.

சமையலறைக்கு வருவோம். நம் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அதிகமான அழுத்தத்தில் வெயிட்டைத் தூக்கும். சென்னையில் வெளிக்காற்று ஏறத்தாழ 1.01 பார், குக்கரின் 0.98ஐச் சேர்த்தால் உள்ளே ஏறத்தாழ 2 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். ஊட்டியில் வெளிக்காற்று ஏறத்தாழ 0.78 பார். அதே குக்கர், அதே வெயிட், அதே விசில். உள்ளே 1.76 பார், 116 டிகிரி. விசில் எண்ணிக்கை மாறாமல் பருப்பு மட்டும் வேகாமல் நிற்பதற்கு இந்த நான்கு டிகிரிதான் காரணம். வெயிட் தன் ஊர்க் காற்றிலிருந்துதான் எண்ணும். சமையல் குறிப்பு எழுதியவர் எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. திறந்த பாத்திரத்தில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கடற்கரையில் ஒரு பாரோமீட்டர்

சென்னையில் ஒரு பாதரசக் காற்றழுத்தமானியைச் சுவரில் மாட்டி, தம்பத்தின் உயரத்தை அப்படியே படித்தால் கிடைப்பது சரியான அழுத்தம் இல்லை. பாதரசம் வெப்பத்தில் விரியும். 30 டிகிரியில் தம்பம் 0 டிகிரியில் நிற்பதைவிட உயரமாக நிற்கும். அதற்காக ஏறத்தாழ 5 ஹெக்டோபாஸ்கல் கழிக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. இங்கே பாதரசமே கொஞ்சம் லேசு. அதற்காக இன்னொரு இரண்டரை. ஆக ஏழரை. இது பெரிய தொகையா? புயலின் வேகத்தை அதன் மைய அழுத்தக் குறைவோடு இணைக்க நம் வானிலையாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு: குறைவின் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்கினால் காற்றின் வேகம் நாட் அலகில் வரும். 34 நாட்டைத் தொட்டால் அது புயல். அதற்கு வேண்டிய குறைவு ஆறு ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே. திருத்தம் செய்ய மறந்தவரின் பிழை, பிறந்த புயல் ஒன்றின் ஆழத்தைவிடப் பெரியது.

அடுத்த திருத்தம் உயரம். கொடைக்கானல் வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் 770 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும், பறக்கும் விமானத்தின் கேபினுக்குள் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். பெங்களூரில் 910. இந்த எண்களை அப்படியே வரைபடத்தில் போட்டால் மலையெல்லாம் புயலாகத் தெரியும். எனவே ஒவ்வொரு நிலையத்தின் அளவையும் கடல்மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிடுகிறார்கள்: நிலையத்துக்குக் கீழே கடல்மட்டம் வரை காற்று இருந்திருந்தால் அதன் எடை என்ன? கொடைக்கானலுக்குக் கீழே இருப்பது பாறை. இல்லாத காற்றுக்கு ஒரு வெப்பநிலையை ஊகித்து, இல்லாத எடையைச் சேர்க்கிறோம். உயரம் கூடக்கூட இந்தக் கற்பனை நம்பத்தகாததாகிவிடும். அதனால் மிக உயரமான நிலையங்கள், குறிப்பிட்ட அழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மறுபக்கமாகச் சொல்லிவிடுவதும் உண்டு.

இவ்வளவும் திருத்திய பிறகு வெப்பமண்டலத்தில் ஒரு வினோதம் மிஞ்சும். அமைதியான நாளில்கூட அழுத்தம் சும்மா இருப்பதில்லை. காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு, மறுபடி இரவு பத்துக்கு உச்சம், விடியற்காலை நான்குக்குத் தாழ்வு. 1794இல் கல்கத்தாவில் பிரான்சிஸ் பால்ஃபர் என்ற மருத்துவர் ஒரு சாந்திர மாதம் முழுவதும் இரவும் பகலும் ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை பாரோமீட்டரைப் பார்த்துக் குறித்து இந்த ஒழுங்கைக் கண்டார். கடலோதம்போல இது காற்றின் ஓதம். ஆனால் இதை ஓட்டுவது நிலவின் ஈர்ப்பு இல்லை. சூரிய வெப்பத்தை மேல்மட்டத்தில் ஓசோனும் கீழ்மட்டத்தில் நீராவியும் உறிஞ்சிக்கொள்வதால் முழு வளிமண்டலமும் அன்றாடம் இருமுறை அலைகிறது. 24 மணிக்கு ஒருமுறை சூடாகும் காற்று ஏன் 12 மணிக்கு ஒருமுறை வலுவாக அலைய வேண்டும் என்ற புதிர் லாப்லாசிலிருந்து கெல்வின் வரை பலரை அலைக்கழித்தது. திருப்தியான விடை 1960களில்தான் வந்தது.

நம் கடற்கரையில் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் நடுவே இந்த இறக்கம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செய்தியில் வரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் மையத்தில் உள்ள பள்ளமும் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல்தான். அதாவது தினசரி ஏற்ற இறக்கமே ஒரு தாழ்வு மண்டலத்தின் ஆழத்துக்குச் சமம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட பாரோமீட்டர் விதிகளை, ‘மளமளவென்று இறங்கினால் மழை’ என்பதை, இங்கே அப்படியே கைக்கொண்டால் தினமும் மதியம் பயப்பட வேண்டியதுதான். வானிலையாளர்கள் இதற்குச் செய்யும் உபாயம் எளியது: இன்று மாலை நான்கு மணி அளவை நேற்று மாலை நான்கு மணி அளவோடு ஒப்பிடுவார்கள். ஓதம் இரண்டிலும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும், மிஞ்சுவது வானிலை. இங்கே சுழியம் நேற்று.

பெரிய புயல்களில் இந்த நுணுக்கம் எல்லாம் தேவைப்படாது. 1885 செப்டம்பர் 22 அன்று ஒடிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கத்தில் பாரோமீட்டர் 919 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கியது. 1999 அக்டோபர் 29 அன்று அதே ஒடிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலின் மையம் 912 என்று மதிப்பிடப்பட்டது. சுற்றியிருந்ததைவிட 98 குறைவு. சூத்திரத்தில் போட்டால் 140 நாட், மணிக்கு 260 கிலோமீட்டர். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்ற கணக்கும் உண்டு. 98க்கு ஒரு மீட்டர். அன்று கரையேறிய அலை அதைப்போலப் பல மடங்கு. மீதியைக் குவித்தது காற்றின் தள்ளல். கடல் உயர்ந்ததை முழுதும் அழுத்தத்தின் கணக்கில் எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

எந்த உயரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் திட்ட வளிமண்டல அட்டவணையும் ஒரு சராசரி ஒப்பந்தம்தான், அதுவும் மித அட்சரேகைகளுக்கு ஏற்றது. அதன்படி எவரெஸ்ட் உச்சியில் 236 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். 1981 அக்டோபரில் ஜான் வெஸ்ட் தலைமையிலான அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிட்ஸோ உச்சியில் நின்று அளந்தபோது கிடைத்தது 253. எவரெஸ்ட் 28 டிகிரி அட்சரேகையில் இருப்பதாலும், வெப்பமண்டலத்தை ஒட்டிய காற்று மேலே உயர்ந்து நிற்பதாலும் இந்தக் கூடுதல். பதினேழு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆக்சிஜன் உருளை இல்லாமல் அங்கே மனிதர் உயிரோடு நிற்பது உடலியலின் எல்லைக் கோட்டிலேயே நடக்கும் காரியம்; அந்தக் கூடுதலில்தான் அது சாத்தியமாகிறது. அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால், 1978இலேயே மலையேறிகள் மெஸ்னரும் ஹேபலரும் உருளை இல்லாமல் உச்சியைத் தொட்டதை விளக்க முடியாமல் திணறியிருப்போம்.

இப்போது பல கைபேசிகளிலும் ஒரு சிறு அழுத்த உணரி இருக்கிறது. அதைக் காட்டும் செயலியை இறக்கிக்கொள்பவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தை. திரையில் தெரியும் எண் உங்கள் இடத்து அழுத்தமா, கடல்மட்டத்துக்கு இறக்கியதா என்று முதலில் பாருங்கள். மதுரையிலோ சேலத்திலோ இருந்துகொண்டு சென்னையோடு ஒப்பிட இது தெரிந்தாக வேண்டும். எப்போதும் ஒரே மாடியிலிருந்து பாருங்கள், ஒரு மாடி ஏறினாலே 0.3 ஹெக்டோபாஸ்கல் குறையும். காலையோடு மாலையை ஒப்பிடாதீர்கள். நேற்றைய இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். நவம்பர், டிசம்பரில் அந்த வித்தியாசம் மூன்றைத் தாண்டிக் கீழே போனால், வாட்ஸ்அப்பை மூடிவிட்டு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைத் திறந்து படியுங்கள்.